அண்ணன் திருத்திய ஒரு மணி நேரம்

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய ஆத்தும இளைப்பாற்றிக்கான ஆண்டுப் பூசைக்கு வந்து, இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய நான் எழுதுகிறேன். அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணி பேனாவைக் கையில் எடுத்தால் அழுகிறார்கள். ஆகவே இந்த வேலை என்னிடம் வந்தது. "நல்லதா நாலு வார்த்தை எழுது, பாப்பா. அந்தப் போலீஸ் சமாச்சாரத்தை மட்டும் விட்டுடு" என்று எங்கள் தாய்மாமா சொல்லி அனுப்பினார்கள். அந்தச் சமாச்சாரத்தைத்தான் நான் எழுதப் போகிறேன். மாமா கோபித்துக்கொண்டாலும் சரி.

திருமானூருக்குக் கிழக்கே கொள்ளிடக் கரையோரத்துச் சிற்றூரில் அண்ணன் பிறந்தார்கள். எங்கள் தகப்பனார் கோயிலில் ஜெபமும் ஞானப்பாடமும் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக இருந்தவர். அண்ணனுக்குப் பதினான்கு வயது நடக்கும்போது விஷக்காய்ச்சலில் காலமானார். அப்போது நான் கைக்குழந்தை. அம்மா நடவுக்கும் களையெடுப்பிற்கும் போய் எங்களைக் காப்பாற்றினார்கள். பங்குச் சாமியார் சிபாரிசில் அண்ணன் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்து, கணிதத்தில் பட்டம் வாங்கி, அரியலூரில் உயர்நிலைப்பள்ளி ஆசிரியரானார்கள். முதல் சம்பளம் வந்த அன்றே அம்மாவை வயல் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "இனிமே நீ சேத்துல கால் வெச்சா நான் பள்ளிக்கூடம் போவ மாட்டேன்" என்று மிரட்டினார்களாம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள்.

பொய் சொல்லத் தெரியாதவர் என்று எல்லோரையும்தான் மலர்களில் எழுதுகிறார்கள். அண்ணன் விஷயத்தில் அது புகழ்ச்சியே அல்ல, அது எங்கள் வீட்டுக்கு ஒரு தொல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் "பலகாரம் எப்படி?" என்று கேட்டால் "உப்பு கூட" என்று சொல்லிவிட்டு வருவார்கள். அப்படிச் சொல்லியும் அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்த ஒரே பெண் எங்கள் அண்ணிதான்.

ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது தம் சாமான்களை ஏலம் விட்டார். அண்ணன் அதில் ஒரு பித்தளைத் தொலைநோக்கியை எடுத்துவந்தார்கள். பசுங்கன்று ஒன்று வாங்கிவரப் போனவர் அதைத் தோளில் சுமந்துகொண்டு வந்ததைப் பார்த்து அண்ணி மூன்று நாள் பேசவில்லை. பிறகு அண்ணியே அதற்குப் பழைய வேட்டியில் உறை தைத்துக் கொடுத்தார்கள். கொல்லையில் ஒரு கல் மேடை கட்டி, அதன்மேல் நிறுத்தி, விடியுமுன் எழுந்து பார்ப்பது அண்ணனுக்கு வழக்கமாயிற்று. சில நட்சத்திரங்கள் மங்கியும் மின்னியும் ஒளி மாறுகின்றன. அவற்றை மதிப்பிட்டுத் தொலைவிலிருந்த ஒரு வானாய்வு நிலையத்துக்கு மாதாமாதம் தபாலில் அனுப்புவார்கள். அதற்குச் சம்பளமும் கிடையாது, பெயரும் கிடையாது.

யுத்த காலத்தில் நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். என் கணவர் மலேயாவில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஜப்பான்காரன் அங்கே புகுந்த பிறகு அவரிடமிருந்து கடிதமே இல்லை. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் நான் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்த அண்ணன், "தூக்கம்தான் வரலியே, வந்து எனக்கு நேரம் எழுதிக் குடு" என்றார்கள். அவர் கண்ணைக் குழாயில் வைத்தபடி இடத்தையும் வெளிச்சத்தையும் சொல்வார். நான் சிவப்புக் காகிதம் சுற்றிய அரிக்கேன் விளக்கின் அருகில் அமர்ந்து, அண்ணனுடைய கடியாரத்தில் மணி பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதுவேன். வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் கூசி மங்கலான நட்சத்திரம் தெரியாது. சிவப்புக் காகிதம் அதற்காகத்தான்.

அப்போது வீட்டில் இரண்டு மணி இருந்தது. யுத்தத்துக்காக அரசாங்கம் நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தது. பள்ளிக்கூடமும் ரயிலும் புது மணியில் ஓடின. எங்கள் சுவர்க் கடிகாரமும் அப்படியே. அண்ணனுடைய சட்டைப்பைக் கடியாரம் மட்டும் பழைய மணியில் இருந்தது, ஏனென்றால் அவருடைய வானக் கணக்குகள் எல்லாம் பழைய மணியில்தான். தினமும் அந்திமணி ஜெபம் முடிந்ததும் அந்தக் கடியாரத்துக்குச் சாவி கொடுப்பது என் பொறுப்பு.

ஐப்பசி தொடக்கத்தில் ஒரு விடியலில் அண்ணன் குழாயிலிருந்து கண்ணை எடுத்து, வரைபடத்தைப் பார்த்து, மறுபடி கண்ணை வைத்தார்கள். "பாப்பா, படத்துல பதினொண்ணு இருக்கு. மேலே பன்னெண்டு இருக்கு" என்றார்கள். மறுநாள் அந்தப் பன்னிரண்டாவது நட்சத்திரம் பழைய இடத்தில் இல்லை. இரண்டு நிலா அகலத்துக்குத் தள்ளிப் போயிருந்தது. நட்சத்திரம் அப்படி நகராது. வாலும் புகையும் இல்லாததால் வால் நட்சத்திரமும் இல்லை. சூரியனைச் சுற்றி வரும் பாறைகளுக்குச் சிறுகோள் என்று பெயர். அப்படி ஒன்று பூமிக்குப் பக்கத்தில் வந்து போகிறது என்று அண்ணன் சொன்னார்கள்.  பட்டியலில் இருக்கிற எந்தச் சிறுகோளும் அந்த இடத்தில் இருக்க வழியில்லை என்பதை அன்று பகல் முழுவதும் மூன்று தடவை சரிபார்த்தார்கள்.

அதன் பாதையைக் கணக்கிட மூன்று நாளின் இடமும் மூன்று நாளின் நேரமும் வேண்டும். இரண்டுதான் கையில் இருந்தன. அது நாளுக்கு நாள் மங்கிக்கொண்டிருந்தது. மழைக்காலம் வேறு. மூன்றாவது விடியல் தப்பினால் அதை யாராலும் மறுபடி பிடிக்க முடியாது.

மூன்றாம் நாள் வானம் முழுவதும் மேகம். நாங்கள் ஈரத்தில் நின்றுகொண்டிருந்தோம். அம்மா உள்ளேயிருந்து, "சளி புடிச்சி சாவப் போறீங்க ரெண்டு பேரும்" என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கிழக்கே மேகம் விலகியது. அண்ணன் குழாயைத் திருப்பித் தேடினார்கள். "இருக்கு! இருக்கு! நேரம் பாரு!" என்று கத்தினார்கள். நான் கடியாரத்தைப் பார்த்தேன். முள் பதினொன்றேகாலில் நின்றிருந்தது. முந்தின மாலை என் கணவர் நினைவில் ஜெபத்தோடு படுத்துவிட்டேன். சாவி கொடுக்கவில்லை.

 ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் ஓடிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நாற்பது. ஓடி வந்து 5.40 என்று எழுதினேன். அது புது மணி; பழைய மணிக்கு ஒரு மணி நேரத்தைக் குறைத்து 4.40 என்று எழுதியிருக்க வேண்டும். பிறகு திருத்திக்கொள்ளலாம், கடியாரம் நின்றதையும் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் தூறல் விழுந்தது. குழாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போன அண்ணன், பள்ளிக்கூடத்துக்கு முன் தந்தி கொடுத்தாக வேண்டும் என்று அப்போதே உட்கார்ந்து எண்களைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். இடத்தை இரண்டு தடவை சரிபார்த்தார்கள். நேரத்தைச் சரிபார்க்கவில்லை. அது நான் எழுதியது என்று நம்பி அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அவருடைய சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு வாய் வரவில்லை. அண்ணி கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் ஓடினார்கள்.

வானாய்வு நிலையங்களுக்குத் தந்தி அனுப்ப ஒரு முறை உண்டு. இடம், நேரம், வெளிச்சம் எல்லாவற்றையும் ஐந்து ஐந்து எண்களாக எழுத வேண்டும். வார்த்தையே இருக்காது. தபால் ஆபீசில் அதைப் பார்த்த போஸ்ட் மாஸ்டருக்கு வியர்த்துவிட்டதாம்.

"என்னா சார் இது, வெறும் நம்பரா இருக்கு?"

"ஆகாசத்துல ஒண்ணு கண்டுபுடிச்சிருக்கேன். அது இருக்கிற எடம்."

"ஆகாசத்துலயா? சார், யுத்த காலம் சார். வெறும் நம்பர்ல தந்தி அனுப்பக் கூடாதுன்னு உத்தரவு. நான் மேலே சொல்லியாவணும். தப்பா நெனைக்காதீங்க."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சமயம் எங்கள் பக்கத்தில் தந்திக் கம்பிகளை அறுத்தார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். ஊரில் எவன் தும்மினாலும் போலீஸ் வந்து நின்றது. மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலிலும் நின்றது. கொல்லையில் மேடை. அதன்மேல் குழாய். பக்கத்தில் சிவப்பு விளக்கு. அடுத்த தெருக்காரர்கள் விடியலில் சிவப்பு வெளிச்சம் பார்த்ததாக முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். ரஞ்சன்குடிக் கோட்டை மேலிருந்து ஒருவன் பதில் விளக்குக் காட்டுவதாகவும் ஒருவர் சொன்னாராம். அரியலூரிலிருந்து ரஞ்சன்குடி எவ்வளவு தூரம் என்று அந்த மகானுபாவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் இருக்கும் பெண்ணின் புருஷன் ஜப்பான்காரன் பிடித்த சீமையில் இருக்கிறான். நோட்டுப் புத்தகத்தில் நேரமெல்லாம் ஒரு பெண் கையெழுத்து.  குழாய், புத்தகம், விளக்கு, அண்ணன் எல்லாம் ஒரே வண்டியில் பெரம்பலூருக்குப் போயின.

அடுத்த நாள் மாமாவும் நானும் துணியும் சோறும் எடுத்துக்கொண்டு பெரம்பலூர் போனோம். பெட்ரோல் கிடைக்காத காலம். கரி அடுப்பு வைத்த பஸ் ஏற்றத்துக்கு ஏற்றம் நின்று மூச்சு வாங்கியது. வழியெல்லாம் மாமா, "நான் பேசிக்கிறேன், நீ வாயத் தொறக்காதே" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அந்த 5.40 தவிர வேறு நினைப்பு இல்லை. அண்ணனிடம் ஒரு நிமிஷம் தனியாகப் பேச முடிந்தால் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன்.

தனியாகப் பேச முடியவில்லை. விசாரித்த அதிகாரி நடுவயதுக்காரர், நல்ல மாதிரி. எங்களை உட்காரச் சொன்னார். அண்ணனைக் கூட்டிவந்தார்கள். இரண்டு நாள் தாடி, கசங்கின சட்டை. என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"வாத்தியார் சார், ஒங்க தலைமையாசிரியரைக் கேட்டுட்டேன். நல்ல மனுஷன்னு சொல்றாரு. எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றார் அதிகாரி. "இந்தப் புஸ்தகத்துல இருக்கிறதெல்லாம் சரி, இது வானம் பாத்த குறிப்புதான்னு ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போடுங்க. நான் இதோட முடிச்சிடறேன். சாயங்காலம் வூட்டுக்குப் போயிடலாம்."

மாமா கண்ணில் நீர் வந்துவிட்டது. "நல்லா இருப்பீங்க ஐயா" என்று கும்பிட்டார்கள். அண்ணன் பேனாவை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார்கள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"இது தப்பு சார்" என்றார்கள்.

"எது?"

"அஞ்சு நாப்பதுன்னு இருக்கு. பழைய மணியில அஞ்சு நாப்பதுக்குக் கெழக்கே வெளுத்துடும். இந்த மங்கலை அப்ப பாத்திருக்கவே முடியாது. இது நாலு நாப்பது."

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. "சார், யோசிச்சுப் பேசுங்க. புஸ்தகத்துல ஒண்ணு தப்புன்னு நீங்களே சொன்னா, இது பூராவும் எப்ப வேணா மாத்தி எழுதலாம்னு ஆவுது. அப்புறம் நான் முடிக்க முடியாது. திருச்சிக்குத்தான் அனுப்பணும். வேலைக்கும் ஆபத்து."

"அண்ணே, போட்டுருங்கண்ணே" என்று நான் சொன்னேன். மாமா அதட்டியது காதில் விழவே இல்லை.

"தப்பான நேரத்தோட போனா அதை யாரும் தேடிப் புடிக்க முடியாது, பாப்பா. ஒரு மணி நேரத்துல அது எவ்வளவோ தூரம் போயிடும்."

அதிகாரி புத்தகத்தைத் தம் பக்கம் திருப்பினார். "இந்த நேரமெல்லாம் வேற கையெழுத்தா இருக்கே. யாரு எழுதுனது?"

 எழுந்து "நான்தான்" என்று சொல்ல வேண்டும். கடியாரம் நின்றது, சுவரைப் பார்த்து எழுதினேன் என்று சொன்னால் இரண்டு நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிடும். என் நாக்கு எழவில்லை. மலேயாவில் இருக்கும் என் கணவரைப் பற்றிக் கேட்பார்கள், என்னையும் உள்ளே வைப்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம். அண்ணன் முன்னால் என் தப்பு தெரிந்துபோகுமே என்ற வெட்கம் இன்னொரு பக்கம். மேசைமேல் இருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எந்தக் கை எழுதுனா என்ன சார்? பாத்துச் சரி போட வேண்டியவன் நான். தப்பு என்னுது" என்றார்கள் அண்ணன். 5.40-ஐ அடித்து, மேலே 4.40 என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அதன் பலன் உங்களுக்குத் தெரியும். ஒன்பது நாள் காவலில் இருந்தார்கள். வெளியே வந்தபோது பள்ளிக்கூடத்தில் தற்காலிக நீக்க உத்தரவு காத்திருந்தது. நான்கு மாதம் அம்மா மறுபடி வயலுக்குப் போனார்கள். அண்ணன் தடுக்கவில்லை, தடுக்க முடியவில்லை. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். மாமா வீடு வீடாகச் சொன்னார்கள்: "அதிகாரி கையைப் புடிச்சி வெளிய உடுறாரு. இவன் ஒரு நம்பருக்காவ முறுக்கிக்கிட்டு நிக்கிறான். திமிரு." இன்றைக்கும் நம் உறவில் பிடிவாதக்காரனுக்கு உதாரணம் சொல்ல வேண்டும் என்றால் அண்ணனைத்தான் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று அண்ணன் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். "கடியாரம் நின்னு போச்சா?"

"ஆமாண்ணே."

"சொல்லியிருக்கலாம்ல?" என்றார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றி என்னிடமோ வேறு யாரிடமோ ஒரு வார்த்தை பேசியதில்லை.

தை கழிந்து ஒரு நாள் மத்தியானம் அந்த அதிகாரி எங்கள் வாசலில் வந்து இறங்கினார். அம்மா கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. அண்ணி போய் அண்ணனுக்குக் குறுக்கே நின்றுகொண்டார்கள். மாமாவும் அன்று வந்திருந்தார்கள். அதிகாரிக்குப் பின்னால் ஒரு கான்ஸ்டபிள் தொலைநோக்கியைக் குழந்தையைப் போல் ஏந்திக்கொண்டு வந்தார்.

நடந்தது இதுதான். அண்ணன் திருத்தம் செய்ததால் காகிதங்கள் திருச்சிக்குப் போயின. இது சங்கேதமா இல்லையா என்று தெரிந்துகொள்ள அங்கிருந்து அந்த வானாய்வு நிலையத்துக்கே அனுப்பிக் கேட்டிருக்கிறார்கள். தபால் ஆபீஸ் வாங்க மறுத்த எண்களைப் போலீஸ்காரர்களே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்! நிலையத்தார் 5.40 என்று வைத்துப் பார்த்தால் பாதை பொருந்தவில்லை. 4.40 என்று வைத்ததும் மூன்று இடங்களும் ஒரு பாதையில் அமைந்தன. அந்தப் பாதையைத் தொடர்ந்து தேடி இரண்டு தடவை மங்கலாகப் படமும் பிடித்துவிட்டார்கள். இது சங்கேதம் இல்லை, இதுவரை எவர் கண்ணிலும் படாத ஒரு சிறுகோள் என்று எழுதியிருந்தார்கள். பார்த்தவர் பெயரையும் நேரம் குறித்தவர் பெயரையும் கேட்டிருந்தார்கள்.

அதிகாரி கடிதத்தை நீட்டி, "அன்னைக்கி நீங்க சும்மா கையெழுத்துப் போட்டிருந்தா நான் கட்டி பரண்ல போட்டிருப்பேன் சார்" என்றார். அண்ணன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்கள். பிறகு மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்கள். அண்ணன் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

மாமாவுக்கு அப்போதும் விஷயம் முழுதாக விளங்கவில்லை. "பாப்பா ஒழுங்கா குறிச்சு வெச்சிருக்கு. இவன் நடுவுல பூந்து கொழப்பி, அப்புறம் எப்படியோ சரியாயிடுச்சி" என்று சொன்னார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அது இரண்டாவது தடவை.

அன்று மாலையே பதில் எழுத உட்கார்ந்தார்கள். நேரம் குறித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார்கள்.

"என் பேரு வேண்டாம்ணே."

"ஏன்? மூணு நாள்ல ரெண்டு நாள் சரியாத்தானே எழுதியிருக்கே" என்று கேலி செய்துவிட்டு, உறையை ஒட்டினார்கள்.

பள்ளிக்கூடத்தில் வேலை திரும்பக் கிடைத்தது. பிறகு இன்னொரு சிறுகோளையும் அண்ணன் பிடித்தார்கள். அது ஏற்கெனவே பட்டியலில் உள்ளது என்று பதில் வந்தது. "நல்லா இருக்கானான்னு பாத்தேன்னு வெச்சிக்குவோம்" என்றார்கள். முதலாவது சிறுகோள் மறுபடி சுற்றி வரும்போது பார்த்தால்தான் அதற்கு நிலையான எண் கொடுப்பார்களாம். அது இன்னும் திரும்பி வரவில்லை. யுத்தம் முடிந்த மறுவருஷம் என் கணவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். ரயிலடிக்குப் போய் அவரைத் தூக்காத குறையாக இறக்கி அழைத்துவந்தவர் அண்ணன். சென்ற தவக்காலத்தில் மார்புவலி கண்டு, ஐந்து நாள் படுக்கையில் இருந்து, சாமியார் கையால் கடைசி எண்ணெயான அவஸ்தைப் பூசுதல் பெற்று, அமைதியாகக் கண் மூடினார்கள். அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

அந்த ஐந்து நாளும் வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டருக்கும், பங்குச் சாமியாருக்கும், பாடையைத் தங்கள் தோளில்தான் வைப்போம் என்று அடம்பிடித்த பழைய மாணவர்களுக்கும், திருமானூரிலிருந்து வண்டி கட்டி வந்த சொந்தங்களுக்கும் எங்கள் நன்றி. தப்பு என்று தெரிந்ததும் தொலைநோக்கியைத் தாமே கொண்டுவந்து கொடுத்த அந்த அதிகாரிக்கும் நன்றி. மாமாவுக்கும் நன்றி. அவர்கள் வைதாலும், அந்த நான்கு மாதமும் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அவர்கள் அனுப்பிய நெல்லில்தான்.

பிடிவாதக்காரர் என்று அண்ணனைச் சொன்னவர்கள் எல்லோரும் இன்று இந்த மலரைக் கையில் வைத்திருப்பீர்கள். அவர் உயிரோடு இருக்கும்போது நான் சொல்லியிருக்க வேண்டும். பெரம்பலூரில் ஒரு தடவை, எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தடவை, அதன் பிறகு ஒவ்வொரு நாளும் எனக்குச் சந்தர்ப்பம் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவர் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஆகவே எல்லோரும் அறிய எழுதுகிறேன்: மூன்றாம் நாள் நேரம் 4.40. அதை 5.40 என்று தப்பாக எழுதியது நான். அண்ணன் திருத்தியது சரி.

இப்படிக்கு,
தங்கை